விழுந்தவரைத் தூக்குமுன்



மார்கழி மாதத்து விடியற்காலை. யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹாரில், டில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய நான்கு அடுக்கு வீடுகளுள் ஒன்றின் மூன்றாம் மாடி. வெளியே மூடுபனி. ஊரிலிருந்து மகன் வீட்டிற்கு வந்திருக்கும் மூதாட்டியார் ஒருவர், வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னே எழுந்து நீராடப் போகிறார். காலில் குளிருக்காக மாட்டிய கம்பளிக் காலுறை, தரையோ மொசைக்கு, அதன்மேல் இரவில் சிந்திய சோப்பு நீர். 'தொப்'பென்று ஓர் ஓசை. வீட்டார் ஓடிவந்து பார்க்கும்போது அம்மையார் ஒருக்களித்துக் கிடக்கிறார். எழுந்திருக்க முடியவில்லை.

இது ஒரு குடும்பத்துக் கதையன்று. டில்லித் தமிழர் பலரது வீடுகளில் குளிர்காலந்தோறும் நிகழக்கூடியதே. அடுத்த கால் மணி நேரத்தில் அவ்வீட்டில் நடப்பதையும் நாம் ஊகிக்கலாம். இருவர் கைகொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தப் பார்க்கின்றனர். ஒருவர் தைலம் காய்ச்சுகிறார். மருமகள் சூடாகக் காப்பி கலந்து கொண்டுவருகிறாள். அண்டை வீட்டுக்காரர், பக்கத்தில் ஒரு 'பஹல்வான்' இருக்கிறார், இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். ஊருக்குத் தொலைபேசியில் சொன்னால், தாய்மாமன் சற்றும் தயங்காமல் புத்தூர்க் கட்டுப் போடலாம், ரயிலேற்றி அனுப்பிவிடுங்கள் என்கிறார். ஆஸ்பத்திரி டாக்டரோ, இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்கிறார். எழுபத்தெட்டு வயதில் ஆபரேஷனா என்று வீடே கலங்குகிறது.

இவர்களுள் யார் சொல்வதைக் கேட்பது? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், உள்ளே முறிந்திருப்பது எந்த எலும்பு, எந்த இடம் என்பதை முதலில் அறிய வேண்டும்.

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்தைப் போன்றது. இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் அது சுழல்கிறது. பந்தையும் தொடைத் தண்டையும் இணைப்பது சாய்வான ஒரு கழுத்து. முதுமையில், அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பின் அடர்த்தி குறைந்து அது உள்ளே சல்லடை போலாகிவிடும். வெயில் கொட்டும் நாட்டில் வாழ்ந்தும் டில்லிவாசிகளிடையே வைட்டமின் டி குறைவு மிகப் பரவலாக இருப்பதை ஆராய்ச்சியாளர் பலமுறை கண்டுள்ளனர். குளிருக்கு அஞ்சி அறைக்குள்ளேயே இருக்கும் முதியோர்க்கு அக்குறை இன்னும் கூடும். இத்தகைய எலும்பின் கழுத்து, நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே முறிந்துவிடும். முறிந்த பக்கத்துக் கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டையாகத் தோன்றும்; பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடக்கும். இவ்விரு குறிகளும் சேர்ந்து தோன்றினால், எக்ஸ்ரே எடுக்குமுன்னரே இடுப்பு முறிவு என்று எண்ணலாம். ஆனால் குறிகள் இல்லாமையால் முறிவில்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. முறிந்த முனைகள் ஒன்றினுள் ஒன்று செருகிக்கொண்டால், சிலர் வலியோடு நாலடி நடந்துகூடக் காட்டுவர். 'நடக்கிறாரே, சுளுக்குத்தான்' என்று வீட்டில் வைத்திருந்து, ஒரு வாரம் கழித்துக் கழுத்து முற்றிலும் விலகிய பின் கொண்டுவருவோர் உண்டு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வேறு எலும்புகள் முறிந்தால் தாமே கூடுகின்றன. முறிந்த இடத்தில் இரத்தம் கட்டுகிறது. அதனுள் புதிய நாளங்கள் புகுந்து, முதலில் மெத்தென்ற ஓர் இணைப்பும், பின்பு சுண்ணாம்புச் சத்து ஏறிய கெட்டியான இணைப்பும் உண்டாகின்றன. மாதக்கணக்கில் அது செதுக்கப்பட்டுப் பழைய வடிவம் பெறுகிறது. மணிக்கட்டு ஏறக்குறைய ஆறு வாரத்தில் கூடும். கீழ்க்கால் எலும்பு மூன்று நான்கு மாதங்களும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். இவ்வேலை முழுவதற்கும் இரத்த ஓட்டமே ஆதாரம். தொடைப் பந்துக்குப் போகும் இரத்தம் பெரும்பாலும் அக்கழுத்தின்மீது ஒட்டிச் செல்லும் நுண்ணிய நாளங்களின் வழியேதான் ஏறுகிறது. கழுத்து முறிந்து விலகினால் அந்நாளங்களும் அறுந்துபோகின்றன. பந்து உணவின்றிச் செத்துப்போகிறது. வெளியே எவ்வளவு திறமையாகக் கட்டுப் போட்டாலும், இழுத்துவிட்டாலும், செத்த எலும்பு கூடாது. பஹல்வானின் கைத்திறனையோ புத்தூர் வைத்தியரின் அனுபவத்தையோ குறைத்துச் சொல்வதன்று இது. அவர்கள் கை எட்டாத ஆழத்தில், அவர்கள் கட்டு அசைக்க முடியாத மூட்டினுள் நிகழ்ந்த கேடு இது.

கழுத்துக்குச் சற்றுக் கீழே முறிந்திருப்பின் நிலைமை வேறு. அங்கே இரத்த ஓட்டம் நிறைய உண்டு, எலும்பு கூடிவிடும். ஆயின் தொடைத் தசைகள் இழுப்பதால் குட்டையாகவும் கோணலாகவும் கூடும். அதற்கும் முன்னதாக வேறொரு அபாயம் காத்திருக்கிறது. மூன்று மாதம் மல்லாந்து கிடக்கும் முதியவரின் நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல் வருகிறது. முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் உண்டாகிறது. காலின் உள்நரம்புகளில் இரத்தம் உறைந்து, அவ்வுறைவு நுரையீரலுக்கு ஏறி உயிரைப் பறிப்பதும் உண்டு. முற்காலத்தில் 'இடுப்பு ஒடிந்து படுத்தார், போய்விட்டார்' என்று கிராமத்தில் சொன்னது, பெரும்பாலும் எலும்பினால் நேர்ந்த சாவன்று. படுக்கையினால் நேர்ந்த சாவு.

ஆகவேதான் இக்காலத்து எலும்பு மருத்துவர் அவசரப்படுகிறார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஓரளவு கட்டுக்குள் இருந்தால், இயன்றவரை இரண்டு நாட்களுக்குள் ஆபரேஷன் செய்து, மறுநாளே நோயாளியை உட்கார வைத்து, நடைச்சட்டத்தைப் பிடித்து நிற்க வைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். வயது அதற்குத் தடையன்று. சொல்லப்போனால் வயதுதான் காரணம். இருபது வயது இளைஞன் படுக்கையில் கிடந்தாலும் தாங்குவான், எழுபத்தெட்டு வயது அன்னையார் தாங்கமாட்டார். முழு மயக்கமும் எப்போதும் தேவையில்லை. முதுகுத் தண்டில் ஓர் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே பல ஆபரேஷன்கள் நடந்தேறுகின்றன.

கழுத்து விலகி முறிந்திருந்தால், செத்த பந்தை அகற்றிவிட்டு உலோகப் பந்தைத் தண்டோடு பொருத்துவர். அமெரிக்காவில் ஆஸ்டின் மூர் வகுத்த இவ்வகைப் பந்து 1950-களிலிருந்து உலகெங்கும் பரவி, நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் ஆயிரக்கணக்கானோரை நடக்க வைத்தது. குழியும் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுவதுண்டு. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி 1962-ஆம் ஆண்டு உலோகப் பந்தையும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் இணைத்துச் செய்த முறையே இன்றைய முழு மூட்டு மாற்றங்களுக்கெல்லாம் முன்னோடி. அவற்றை எலும்போடு ஒட்டுவதற்கு அவர் எடுத்தாண்டது பல் வைத்தியர்கள் கையாண்ட அக்ரிலிக் சிமெண்டு! கழுத்துக்குக் கீழே முறிந்திருந்தால், மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. எலும்பின் உட்குழாயில் நீண்ட உலோகத் தண்டைச் செலுத்தி, திருகாணியால் பிணைப்பர். எலும்புக்குள் ஆணி செலுத்தும் இம்முறையை ஜெர்மானியரான குண்ட்ஷர் 1940-ஐ ஒட்டிக் கையாளத் தொடங்கினார். உள்ளே ஆணியுடன் நடந்து திரிந்த போர்வீரர்களைக் கண்டு மற்ற நாட்டு வைத்தியர்கள் முதலில் நம்பவில்லை.

இனி, டாக்டரிடம் போய்ச் சேரும்வரை வீட்டார் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, தூக்கி நிறுத்தாதிருப்பது. கிடந்தவாறே கம்பளியைப் போர்த்துங்கள். டில்லிக் குளிரில் ஈரத் தரையில் கிடக்கும் முதியவர்க்கு வலியைவிடச் சில்லிப்பே முந்திக் கேடு செய்யும். ஈர உடையை மாற்றுங்கள். இரு கால்களுக்குமிடையே தலையணை வைத்து இரண்டையும் சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். முறியாத கால் முறிந்ததற்குத் துணையாகும். தைலம் தேய்க்க வேண்டாம், உருவிவிட வேண்டாம். காப்பியும் வேண்டாம். நம்மவர்க்கு இதுதான் கடினம், நான் அறிவேன்! ஆயினும் மயக்கமருந்து கொடுக்கும் டாக்டருக்கு வயிறு காலியாக இருத்தல் அவசியம். சர்க்கரை வியாதிக்கு மருந்து உண்பவராயின் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை உண்பவராயின் அம்மாத்திரை அட்டையையே கையோடு கொண்டுசெல்லுங்கள். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் 108-ஐ அழைப்பீர்கள். டில்லியில் ஆம்புலன்சுக்கு 102, அல்லது நாடெங்கும் பொதுவான 112. மூன்றாம் மாடியிலிருந்து இறக்குவது தனிக் கவலை. லிப்ட் இல்லாத அவ்வீடுகளின் குறுகிய மாடிப்படித் திருப்பத்தில் கட்டில் திரும்பாது. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிவரலாம் என்று தோன்றும். இடுப்பு முறிந்தவரை அவ்வாறு மடக்குதல் கூடாது. ஆம்புலன்சில் வருவோரிடம் தூக்குப் பலகையைக் கேட்டு வாங்கி, தலை மேற்புறமும் கால் கீழ்ப்புறமுமாக, நால்வர் பிடித்து இறக்க வேண்டும்.

மயூர் விஹாருக்கு அண்மையில் கிச்சடிப்பூரில் லால் பகதூர் சாஸ்திரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கிழக்கு டில்லியின் பெரிய அரசு மருத்துவமனையான குரு தேக் பகதூர் ஆஸ்பத்திரி தில்ஷாத் கார்டனில் உள்ளது. ஆற்றைக் கடந்தால் சப்தர்ஜங்கும், 1956-இல் நிறுவப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும், அதனைச் சார்ந்த விபத்துச் சிகிச்சை மையமும் உள்ளன. மத்திய சர்க்கார் ஊழியர்களும் ஓய்வூதியம் பெறுவோரும் 1954-இல் டில்லியில் தொடங்கிய சுகாதாரத் திட்டத்தின் அட்டையை மறவாமல் எடுத்துச் செல்க. பெற்றோரின் பெயரை அந்த அட்டையில் சேர்க்காமலே பல ஆண்டு கழித்துவிட்டு, விழுந்த அன்று அலைவோரைக் காண்கிறோம். சார்ந்து வாழும் பெற்றோரைச் சேர்க்க விதி இடம் கொடுக்கிறது, இன்றே பார்த்துக்கொள்ளலாம்.

பாஷையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வலியைச் சொல்ல நம் தாய்மார்களிடம் எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், கடுப்பு, விண்விண்ணென்று தெறிப்பது, மரத்துப்போவது. இவையெல்லாம் வைத்தியருக்கு வெவ்வேறு செய்திகள். ஹிந்தி வார்டில் இவை யாவும் 'தர்த்' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. குறிப்பாக, ஆபரேஷனான காலோ கட்டுப் போட்ட கையோ மரத்துப்போகிறது என்று நோயாளி தமிழில் முனகினால், அதை 'சுன்' என்று உடனே மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் அருகிருக்க வேண்டும். நல்லவேளையாக டில்லி ஆஸ்பத்திரிகளில் கேரளத்து நர்ஸ்கள் நிறைய உண்டு. நாம் தமிழில் சொன்னால் அவர்கள் பாதிக்கு மேல் புரிந்துகொள்வர்.

மரத்துப்போதல் என்று சொன்னேனே, அது சிறுவர் விஷயத்தில் உயிர்நிலையானது. ஆகஸ்டு மாதம் சுதந்திர தினத்தை ஒட்டி டில்லி மாடிகளெல்லாம் பட்டம் விடும் பிள்ளைகளால் நிறைகின்றன. அண்ணாந்து பார்த்துப் பின்னடி வைத்து விழுவதும், கையை ஊன்றி முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவதும் அப்போது நேர்வன. பிள்ளைகளின் எலும்பு பச்சைக் கிளை போன்றது, விரைவில் கூடும். மூன்று நான்கு வாரம் போதும். அபாயம் எலும்பில் இல்லை. முழங்கை முன்புறம் ஓடும் பெரிய இரத்தக் குழாய் முறிந்த முனையில் அழுந்தலாம். அன்றியும், வீங்கிக்கொண்டே வரும் கையை மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினால் உள்ளே இரத்த ஓட்டம் நின்றுவிடும். சில மணி நேரத்திலேயே முன்கைத் தசைகள் சாகத் தொடங்கும். பின்பு விரல்கள் பருந்தின் நகம்போல் சுருண்டு, ஆயுள் முழுதும் விரியா. ஜெர்மனி தேசத்து ரண வைத்தியர் வோல்க்மன் 1881-இலேயே இதற்குக் காரணம் இறுக்கிய கட்டு என்று எழுதினார். நூற்று நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் இறுக்கிய கட்டினால் கையிழக்கும் குழந்தைகள் நம் நாட்டில் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன என்பது வெட்கப்பட வேண்டிய செய்தி.

இது நாட்டு வைத்தியர் கட்டுக்கு மட்டும் உரிய குற்றமன்று. ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டும் இறுகலாம். 1852-இல் ஹாலந்து ராணுவ வைத்தியர் மதைசென் துணியில் மாவைத் தூவி நனைத்துச் சுற்றும் கட்டைக் கண்டபோதே இவ்விடர்ப்பாடும் கூடவே பிறந்துவிட்டது. கட்டுப் போட்ட முதல் இரு நாட்களில் பிள்ளையின் விரல்களைப் பாருங்கள். விரல் வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ, விரலை மெல்ல நீட்டினால் பிள்ளை துடித்தாலோ, 'நாளைக் காலை போகலாம்' என்று காத்திருத்தல் கூடாது. நள்ளிரவானாலும் எடுத்துச் சென்று கட்டைப் பிளக்கச் செய்ய வேண்டும்.

புத்தூர்க் கட்டைப் பற்றிச் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் வழியில், ஆந்திர எல்லைக்குள் உள்ள அவ்வூரின் ராஜு குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இத்தொழிலைச் செய்துவருகின்றனர். பச்சிலையும் முட்டை வெண்கருவும் தடவி மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது அவர்கள் முறை. சுஸ்ருதரும் மூங்கிலையும் மரப்பட்டைகளையும் தப்பைக்குச் சொல்லியிருக்கிறார். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களிடமும் இத்தகைய கட்டு உண்டு. விலகாத, தோல் கிழியாத சிறு முறிவுகள் இவற்றாலும் கூடுகின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. அவை பெரும்பாலும் எந்தக் கட்டிலும் கூடக்கூடியவை. ஆனால் இடுப்பு முறிந்தவரை ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர், ஒன்றரை நாள் ரயிலில், அசைத்துக் கொண்டுசெல்வதை எந்த நியாயத்தாலும் ஒப்பமுடியாது. ஆபரேஷனுக்குரிய பொன்னான இரண்டு நாட்கள் தண்டவாளத்தின்மேல் கழிந்துவிடும்.

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவு வேறு இனம். மயூர் விஹாரை ஒட்டி விரையும் மீரட் நெடுஞ்சாலையில் ஸ்கூட்டரிலிருந்து விழுவோர்க்கு நேர்வது பெரும்பாலும் இது. காயத்தில் மஞ்சளும் காப்பித்தூளும் அப்புவது நம் பழக்கம், வேண்டவே வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, இரத்தம் பெருகினால் அழுத்திப் பிடித்து, மடித்த செய்தித்தாள் கட்டையே தப்பையாக வைத்து, எலும்பை உள்ளே தள்ளாமல் விரைந்து கொண்டுசெல்க. கிருமியைக் கொல்லும் ஊசி எவ்வளவு விரைவில் போடப்படுகிறதோ அவ்வளவுக்குக் கால் பிழைக்கும். வழியில் கிடப்பவரை எடுத்துச் சென்றால் போலீஸ் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சம் இப்போது தேவையில்லை. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உதவுவோர்க்குப் பாதுகாப்பு அளித்தது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அது இடம்பெற்றது.

இத்தகைய காலைக் காப்பாற்ற முயல்வதா, எடுத்துவிடுவதா என்று முடிவு செய்வது வைத்தியருக்கே பெருஞ்சோதனை. இதற்கு உலகெங்கும் கையாளப்படும் ஓர் அளவுகோலை வகுத்தவர்கள் நம் கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியின் ராஜசேகரனும் அவர் குழுவினரும் என்பது நமக்குப் பெருமை. 2006-இல் வெளியான அம்முறையில் தோலின் சேதம், எலும்பின் சேதம், தசை நரம்புகளின் சேதம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுவர். காயம் பட்டுக் கழிந்த நேரம், சர்க்கரை வியாதி போன்ற கேடுகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூட்டுவர். 14-க்குள் நின்றால் காக்கலாம். 17-ஐ எட்டினால் எடுப்பதே நலம். இடைப்பட்டதை அனுபவமுள்ளவர் தீர்மானிக்க வேண்டும். கோவைச் சாலைகளில் அடிபட்டு வந்தோரின் கால்களிலிருந்து பிறந்த கணக்கு இது.

மீண்டும் மூன்றாம் மாடிக்கு வருவோம். அம்மையார் ஒரு வாரத்திற்குள் வீடு திரும்பக்கூடும். உலோகப் பந்து பொருத்தியவராயின் தாழ்ந்த மணையில் அமர்வதும், தரையில் சம்மணமிடுவதும், கால்மேல் கால் போடுவதும், குந்தி உட்காரும் கழிப்பிடமும் ஆகா. இடுப்பை மிகவும் மடக்கினால் பந்து குழியை விட்டு நழுவும். பூஜைக்கும் சாப்பாட்டுக்கும் உயர்ந்த நாற்காலி வேண்டும். வாசலில் குனிந்து கோலமிடும் ஆசையைச் சில மாதம் மருமகளிடம் ஒப்படைக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பழுதுபட்ட கால் முன்னே; ஒரு கை கைப்பிடியில், ஒரு கையில் தடி. முதல் முறை நடைப்பயிற்சியாளர் உடனிருந்து கற்பித்தல் நன்று. குளியலறையில் ஒரு கைப்பிடியும், சொரசொரப்பான விரிப்பும், இரவில் அணையாத ஒரு சிறு விளக்கும் அவர் வீடு வந்து சேருமுன்னரே இருக்கட்டும். எலும்பின் அடர்த்தியைச் சோதித்து, அதைக் காக்கும் மருந்தும் தொடங்கட்டும். ஓர் இடுப்பு முறிந்தவருக்கு மற்றொன்றும் முறியும் வாய்ப்பு அதிகம் என்பதால் இதை டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

ஊருக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்பார். ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே பார்த்து டாக்டர் இசைந்தால் போகலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கையும் புதுடில்லி நிலையத்தில் சக்கர நாற்காலியும் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கொரு முறை பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே படங்களையும், உள்ளே பொருத்திய உலோகத்தின் பெயர் எழுதிய சீட்டையும் அவர் பெட்டியிலேயே வைத்து அனுப்புக. ஊரில் அவரைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு அந்தச் சீட்டு வேண்டியிருக்கும்.